புகழ் வண்டிக்கா, சாரதிக்கா?

தொண்டைமானாற்றுப் பாலத்தருகே மாலை வேளைகளில் நின்று உரையாடுவது ஊரவர் பலருக்குப் பழைய வழக்கம். ஒரு புறம் கடல், மறுபுறம் நீரேரி, அண்மையிற் செல்வச் சந்நிதி. அங்கே பேசப்படாத பொருள் இல்லை. சென்ற வாரம் அங்கு எழுந்த வாதம் யப்பானிய மோட்டார் வண்டி ஒன்றைப் பற்றியது.

உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் நிசான் நிறுவனத்தாரின் ஜீ.ரி.ஆர். என்னும் பந்தய நடை வண்டியைப் புகழ்ந்துகொண்டிருந்தான். அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள ஐரோப்பிய வண்டிகளையும் அது தோற்கடித்தது என்றும், ஜேர்மனியரே அதைக் கண்டு கலங்கினர் என்றும் அடுக்கிச் சொன்னான். அருகில் நின்ற முதியவர் பாய்க்கப்பல் ஓட்டிய குடும்பத்திற் பிறந்தவர். எல்லாவற்றையும் பொறுமையுடன் கேட்டபின் அவர், "அது சரி தம்பி, ஆர் ஓட்டினது?" என்றார். மாணவனுக்கு விடை தெரியவில்லை. "வண்டிதானே ஐயா முக்கியம்? ஆர் ஓட்டினால் என்ன?" என்றான். முதியவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பொருள் காண்பதே இவ்வாரத்து நோக்கம். வண்டிக்கு வந்த புகழ் நியாயமானதுதானா? நியாயமாயின் அது யாரைச் சேரும்?

முதலில் வண்டியை அறிந்துகொள்வோம். மாணவன் சொன்ன ஜீ.ரி.ஆர். 2007 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. 3.8 லீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட அதன் எஞ்சினுக்கு இரண்டு டேர்போக்கள் உண்டு. தொடக்கத்தில் வலு 480 குதிரைவலு. பின்னர் 570க்கும், சிறப்பு வகையில் 600க்கும் உயர்ந்தது. ஒவ்வொரு எஞ்சினையும் யொக்கோகாமாவில் ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் இறுதிவரை கையாற் பூட்டினார்; தம் பெயர் பொறித்த சிறு தகட்டை அதிற் பதிப்பதும் வழக்கமாயிற்று. அந்தத் தகுதி பெற்றோர் ஒரு சிலரே.

வண்டியின் எடை 1,740 கிலோகிராம். பந்தய நடை வண்டிக்கு இது மிகுந்த பாரம். இத்துணைப் பாரமான வண்டி எவ்வாறு விரைகிறது என்ற கேள்வி நியாயமானதே. விடை இரண்டு அமைப்புகளில் இருக்கிறது.

ஒன்று கியர்ப் பெட்டி. அதில் இரண்டு கிளச்சுகள் உள்ளன. வண்டி மூன்றாங் கியரில் ஓடும்போதே நான்காங் கியர் ஆயத்தமாக நிற்கும். அஞ்சலோட்டத்திற் கோலைப் பெறுமுன்பே அடுத்த வீரன் ஓடத் தொடங்கிவிடுகிறான் அல்லவா? அதுபோல ஒரு கிளச்சு விடும்போதே மற்றது பற்றிக்கொள்கிறது. ஆதலால் கியர் மாறும்போது வேகம் தளர்வதில்லை.

மற்றது நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பகிர்ந்தளிக்கும் முறை. வழக்கமாக வலுவின் பெரும்பகுதி பின்சில்லுகளுக்கே செல்லும். அவை வழுக்கத் தொடங்கினால், கணினி அதை உணர்ந்து வலுவின் பாதிவரை முன்சில்லுகளுக்குத் திருப்பிவிடும். நம் நாட்டு மாட்டுவண்டிச் சவாரியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒரு மாடு தளரும் கணத்தைக் கண்டு மற்ற மாட்டைத் தூண்டுவது தேர்ந்த சாரதியின் திறமை. அந்தத் திறமையை இங்கே கணினி செய்கிறது, அதுவும் செக்கனுக்குப் பல முறை.

இனி அதன் குலவரலாறு. ஜீ.ரி.ஆரின் மூதாதை ஸ்கைலைன் என்னும் வண்டி. 1964 மே மாதம் சுசுக்கா ஓடுபாதையில் நடந்த யப்பானியப் பெரும் பரிசுப் பந்தயத்தில், பிரின்ஸ் நிறுவனத்தாரின் ஸ்கைலைன் வண்டிகள் ஜேர்மனியின் போர்ஷே 904 வண்டியை எதிர்த்தன. ஒரு சுற்றில் மட்டும் ஸ்கைலைன் ஒன்று போர்ஷேயை முந்தி முதலாவதாக வந்தது. பார்வையாளர் எழுந்து ஆரவாரித்தனர். இறுதியில் வென்றது போர்ஷேதான்; ஸ்கைலைன்கள் இரண்டாவது முதல் ஆறாவது வரையான இடங்களைப் பெற்றன. ஆயினும் யப்பானியர் உள்ளத்தில் நிலைத்தது போர்ஷேயின் வெற்றி அன்று, அந்த ஒரு சுற்று. ஒரு சுற்றிலிருந்தும் ஒரு புகழ் முளைக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

1966 இல் பிரின்ஸ் நிறுவனம் நிசானுடன் இணைந்தது. 1969 இல் ஜீ.ரி.ஆர். என்ற பெயர் முதன்முறையாக ஸ்கைலைனுக்குச் சூட்டப்பட்டது. 1989 இல் வந்த ஸ்கைலைன் ஜீ.ரி.ஆரே புகழை உலகறியச் செய்தது. 1990 முதல் 1993 வரை யப்பானியப் பயண வண்டிப் பந்தயத் தொடரிற் கலந்துகொண்ட 29 போட்டிகளிலும் அதுவே வென்றது. அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ற் நெடும்பந்தயத்தை 1991, 1992 ஆகிய இரு ஆண்டுகளும் கைப்பற்றியது. அந்நாட்டுச் சஞ்சிகையொன்று அதற்குச் சூட்டிய பெயர் 'கொட்சில்லா'. கடலிலிருந்து எழுந்து நகரங்களை அழிக்கும் யப்பானியத் திரைப்பட அரக்கனின் பெயர் அது. இவை பலர் முன்னிலையில், மாற்றார் அமைத்த களத்திற் பெற்ற வெற்றிகள். இவற்றை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் தொடங்கியது 2008 இல். ஜேர்மனியின் ஐபல் மலைப்பகுதியில் நியூர்பேர்க்றிங் என்றொரு ஓடுபாதை உண்டு. 1927 இல் திறக்கப்பட்ட அதன் வடசுற்று இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல் நீண்டது. எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள் கொண்டது. வண்டி செய்வோர் தம் ஆக்கங்களை உரைத்துப் பார்க்கும் கல் அதுவே. 2008 ஏப்பிரலில் ஜீ.ரி.ஆர். அந்தச் சுற்றை 7 நிமிடம் 29 செக்கனில் முடித்தது என நிசான் அறிவித்தது. சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 165 கிலோமீற்றர்.

போர்ஷே நிறுவனத்தார் இதை நம்பவில்லை. தாமே ஒரு ஜீ.ரி.ஆரை விலைக்கு வாங்கி, தம் ஓட்டுநரைக் கொண்டு அதே பாதையில் ஓட்டிப் பார்த்தனர். அவர்கள் கண்ட நேரம் 7 நிமிடம் 54 செக்கன். தங்கள் 911 டேர்போ 7 நிமிடம் 38 செக்கனில் முடித்தது என்றும் கூறினர். விற்பனைக்கு வரும் வண்டிக்குரிய ரயர்களையே நிசான் பயன்படுத்தியதா என்ற ஐயத்தையும் எழுப்பினர். நிசான் குற்றச்சாட்டை மறுத்தது. அத்தோடு, தம் வண்டியை முழுத் திறமையுடன் ஓட்டும் பயிற்சியைப் போர்ஷேயாருக்கு அளிக்கத் தயார் என்ற பொருள்படவும் விடையளித்தது.

இரண்டு நேரங்களுக்கும் இடையே 25 செக்கன். நூற்றுக்கு ஐந்தரை வீதம். மாணவருக்குத் தெரிந்த கணக்கிற் சொல்வதானால், 100 மீற்றரை 12 செக்கனில் ஓடுகிறான் எனப் பெயர்பெற்றவன், வேறொருவர் மணிக்கூட்டைப் பிடித்தபோது ஏறத்தாழ 12.7 செக்கனில் ஓடினான் என்பதற்கு ஒப்பாகும். விளையாட்டுப் போட்டியில் இந்த வேறுபாடு முதலாம் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள வேறுபாடு.

யார் சொன்னது உண்மை? இருவரும் வழக்காளிகள்; நடுவர் எவருமில்லை. செய்தவன் தன் பொருளைப் புகழ்வான். போட்டியாளன் அதைக் குறைத்துச் சொல்வான். யப்பானியர் சொல்வதெல்லாம் மெய் என்று நம்முள் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. ஆனால் வண்டிகளின் இறுதிச் சோதனையைத் தகுதிச் சான்றில்லாத ஊழியரும் செய்து வந்தனர் என்பதை 2017 இல் இதே நிசான் நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்காக அந்த 7 நிமிடம் 29 செக்கன் பொய் என்று நாம் முடிவு கட்டுவதற்கில்லை. செய்தவனின் சொல் சான்றாகாது. அது சோதிக்கப்பட வேண்டிய கூற்று மட்டுமே. 2013 இல் சிறப்பு வகை ஜீ.ரி.ஆர். ஒன்று அதே சுற்றை 7 நிமிடம் 8 செக்கனளவில் முடித்தபோதும், அவ்வோட்டத்துக்கெனத் தனி உறுப்புகள் சில பொருத்தப்பட்டிருந்தன. எண்ணைக் கேட்பவன் நிபந்தனையையும் கேட்க வேண்டும்.

நடுநிலையாளர் தீர்ப்பு என்ன? பல நாட்டுச் சஞ்சிகையாளர் தாமே ஓட்டி அளந்தனர். அமெரிக்காவின் மோட்டர் றென்ட் சஞ்சிகை 2009 ஆம் ஆண்டின் சிறந்த வண்டியாக அதையே தெரிவு செய்தது. முதலில் வந்தபோது அதன் விலை யப்பானில் 77 இலட்சத்து 70 ஆயிரம் யென். போர்ஷே 911 டேர்போவின் விலையிலும் அது வெகுவாகக் குறைந்தது. அந்த விலைக்கு அத்தகைய வேகம் அன்று வேறெங்கும் கிடைக்கவில்லை. பின்னர் விலை இருமடங்கை அணுகியதும், போட்டி வண்டிகள் முன்னேறியதும், பாரம் குறையாததும் உண்மையே. 2025 ஓகஸ்டில் உற்பத்தி நிறுத்தப்படும்வரை சுமார் 48,000 வண்டிகள் செய்யப்பட்டன. ஆகவே, ஒரு செக்கன் கணக்கு ஐயத்துக்குரியதாயினும், வண்டியின் புகழ் பெரும்பாலும் உழைத்துத் தேடிய புகழே. இதில் மாணவன் பக்கமே நியாயம்.

ஆயின் முதியவரின் கேள்வி எஞ்சி நிற்கிறது.

இந்த வண்டியை உருவாக்கிய பொறியியலாளர் கசுத்தோசி மிசுனோ தம் நோக்கத்தைத் தெளிவாகச் சொன்னவர். எவரும், எங்கும், எந்நேரமும் ஓட்டி மகிழத்தக்க அதிவேக வண்டி என்பதே அது. இப்போது 2008 ஆம் ஆண்டுச் சச்சரவை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக அதே பாதையில் ஓடிப் பழகிய ஜேர்மன் ஓட்டுநருக்கே அந்த வண்டியை ஓட்டப் பயிற்சி வேண்டும் என்றல்லவா விடை வந்தது? நிசானின் அந்த நேரத்தைப் பெற்றவர் தோசியோ சுசுக்கி என்னும் பழுத்த பந்தய வீரர். கணினி எத்துணை உதவினாலும் கடைசி 25 செக்கன் மனிதனுடைய கையில் இருந்தது என்பதை வண்டி செய்தவர்களே தம்மை அறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டனர். முதியவர் ஒரே வினாவிற் கேட்டது இதைத்தான்.

இது வெறும் வாதமன்று, உயிரோடு தொடர்புடையது. கணினி சில்லின் வழுக்கலைத் தடுக்கலாம். இயற்கையின் விதியைத் தடுக்க முடியாது. வேகம் இருமடங்கானால், தடையை அழுத்தியபின் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் வண்டியின் இயக்கசத்தியைவிட, 165 கிலோமீற்றரில் ஓடும் அதே வண்டியின் இயக்கசத்தி ஏறக்குறைய பதினொரு மடங்கு. நியூர்பேர்க்றிங்கில் எதிரே சைக்கிள் வராது. தலையில் விறகு சுமந்த பெண் குறுக்கே நடக்கமாட்டாள். ஆவணித் திருவிழாவுக்குக் காவடியுடன் வரும் அடியார் கூட்டம் இராது. நம் கரையோர வீதியில் இவை அனைத்தும் உண்டு. ஜீ.ரி.ஆர். நம் ஊருக்கு வரப்போவதில்லை என்று ஆறுதல் கொள்ளவும் இயலாது. அதன் படத்தைப் பார்த்து வளர்ந்த ஆசை மோட்டார் சைக்கிளில் ஏறி வருகிறது. வண்டியின் புகழைத் தன் புகழென்று எண்ணிய இளைஞர் சிலரின் பெயர்களை நாம் மரண அறிவித்தல்களிற் படித்திருக்கிறோம்.

நம் கரைக்கும் இத்தகைய புகழ் ஒன்று உண்டு. தொண்டைமானாற்றுக்கு அயலில் உள்ள வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். 1938 இல் அது அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அன்னபூரணியின் புகழுக்குக் கட்டியவர் சொல் சான்றாக நிற்கவில்லை. பெருங்கடல்களே அதைச் சோதித்தன. அவை எந்தக் கொம்பனிக்கும் உறவினவல்ல. அந்தக் கதையைச் சொல்லும் முதியோர் எவரும் கப்பலை மட்டும் புகழ்வதில்லை. கட்டிய மேத்திரியாரையும், செலுத்திய வல்வைக் கடலோடிகளையும் சேர்த்தே சொல்வர். நல்ல கலமும் நல்ல கையும் சேர்ந்தபோதே அது கரை சேர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் மாலை அந்த மாணவன் மீண்டும் பாலத்தடிக்கு வந்தான். "ஐயா, பெயர் தேடிப் பார்த்தேன். சுசுக்கி எண்டவர் ஓட்டினது" என்று முதியவரிடம் சொன்னான். முதியவர் தலையசைத்து, "அப்ப அவருக்கும் ஒரு பங்கு குடு" என்றார்.

பங்கு பிரிக்கத் தெரிந்தவனுக்கு எந்த வண்டியையும் நம்பிக் கொடுக்கலாம்.