ஒறுக்கும் முறை

விளையாட்டில் தோற்றல் குற்றமன்று. முயலாது தோற்றலே குற்றமாம். இதனை யாவரும் ஒப்புவர். ஆயின், முயலாதவனைத் திருத்துமாறு எங்ஙனம் என்னும் வினா எழுங்கால் கருத்து வேறுபாடு உண்டாகின்றது. அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தின் வரலாற்றினின்று இரு நிகழ்ச்சிகளை எடுத்து இதனை ஈண்டு ஆராய்வாம்.

அவ்வாட்டத்தின் விதியொன்றை முதற்கண் அறிதல் வேண்டும். ஆட்டத்தினிடையே ஒருவரை நீக்கி மற்றொருவரை நிறுத்த மேலாளருக்கு உரிமையுண்டு. நீக்கப்பட்டவரோ அவ்வாட்டத்தில் மீண்டும் இறங்கலாகாது. ஆதலின், பல்லாயிரவர் காண ஒருவரை இடையில் நீக்குதல் பெருந்தண்டமேயாகும்.

1962ஆம் ஆண்டில் தோன்றிய நியூயார்க் மெட்ஸ் அணி, அவ்வாண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்றது. தோல்வி அதற்குப் பழக்கமாயிற்று. 1968இல் கில் ஹாட்ஜஸ் அதன் மேலாளரானார். 1969 ஜூலை 30ஆம் நாள் ஷே மைதானத்தில் ஹூஸ்டன் அணியோடு இரண்டு ஆட்டங்கள் நிகழ்ந்தன. முதலாவதில் மெட்ஸ் 16-3 எனத் தோற்றது. இரண்டாவதிலும் எதிரணியின் ஓட்டங்கள் குவிந்துகொண்டிருந்தன. அப்பொழுது களத்தின் இடப்புற எல்லையில் நின்ற கிளியான் ஜோன்ஸ், தம் பக்கம் வந்த பந்தினை விரைந்து சென்று எடுத்திலர். ஹாட்ஜஸ் எழுந்தார், பந்தெறிபவரையும் கடந்து, அவ்வெல்லைவரை மெல்ல நடந்தே சென்றார். ஜோன்ஸின் காலைப்பற்றி வினவினார். சில சொற்களே பேசினார். அவரை அழைத்துக்கொண்டு திரும்பினார். காலில் நோவென்பதே வெளியிற் கூறப்பட்ட காரணம்.

ஜோன்ஸ் எளிய ஆட்டக்காரர் அல்லர். மட்டை பிடித்த நூறு முறையில் 34 முறை வெற்றியடி என்னும் கணக்கோடு அவ்வாண்டினை முடித்தவர். அணியின் தலைசிறந்த மட்டையாளர்.

இனி, மற்றொன்று. 1977 ஜூன் 18ஆம் நாள் பாஸ்டன் நகர் பென்வே மைதானத்தில், நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரெஜி ஜாக்சன் பந்தொன்றை மெத்தனமாக எடுத்தார் எனக் கருதிய மேலாளர் பில்லி மார்ட்டின், உடனே பால் பிளேர் என்பாரை அவரிடத்திற்கு அனுப்பினார். திரும்பிவந்த ஜாக்சனும் மார்ட்டினும் சொற்போர் புரிந்து கைகலக்கும் நிலையை எய்தினர். துணைப் பயிற்சியாளர்கள் இடைநின்று தடுத்தனர். தொலைக்காட்சி வாயிலாக நாடே அதனைக் கண்டது.

இவ்விரண்டனுள் எது நன்று? வெற்றியைக் கொண்டு அளத்தல் இயலாது. மெட்ஸ் 1969இலும், யாங்கீஸ் 1977இலும் உலகக் கோப்பைத் தொடரை வென்றன. ஆதலின், கோப்பையன்று, அவ்விருவரிடையே பின்னர் எஞ்சிய உறவே உரைகல்லாகும். 1969 அக்டோபர் 16இல் இறுதிப் பந்தினை ஏந்தி வெற்றியை முடித்தவர் ஜோன்ஸே. யாங்கீஸிலோ பகை தணிந்திலது. 1978 ஜூலையில் ஜாக்சன் மேலாளரின் கட்டளையை மீறினார். ஆட்டத்தினின்று சின்னாள் விலக்கப்பட்டார். அத்திங்களிலேயே மார்ட்டினும் பதவி துறந்தார்.

ஹாட்ஜஸும் பலர்முன் நாணச் செய்தாரன்றோ, தனியே அழைத்துக் கடிந்திருக்கலாகாதோ எனச் சிலர் வினவுவர். ஜோன்ஸின் காலில் நோவும், தரையில் ஈரமும் இருந்தன என்பதும் மறுத்தற்கரிது. இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் மெத்தனம் பலர்முன் நிகழ்ந்தது; தோல்விக்குப் பழகிய இளையோர் நோக்கியிருந்தனர். சிறந்தவன் பிழைக்குக் கண்மூடுந் தலைவன், எளியவனைக் கடியும் உரிமையை இழக்கின்றான். அன்றியும், ஹாட்ஜஸ் வினவிய பின்னரே ஒறுத்தார். நோவெனும் காரணத்தால் ஜோன்ஸின் மானத்திற்கு ஒரு திரையும் இட்டார்.

யாம் பெரிதெனக் கருதுவது மற்றொன்று. மார்ட்டின் பிறனொருவனை ஏவினார். ஹாட்ஜஸ் தாமே நடந்தார். அரங்கினர் கண்களெல்லாம் அந்நெடுவழி முழுதும் அவர்மேலும் இருந்தன. தண்டத்தின் சுமையில் ஒரு பங்கினைத் தாமும் தாங்கினார். சினத்தான் ஒறுப்பவன் தன்னை ஆற்றிக்கொள்கின்றான். பொறுப்பான் ஒறுப்பவனே பிறனைத் திருத்துகின்றான்.

நண்பர்களே! நம்முட் பலர் நாளை ஆசிரியராயும் அலுவலராயும் பிறரைக் கடியும் இடத்தில் நிற்போம். அப்பொழுது குற்றத்தின் அளவை மட்டும் நோக்காது, அதனைக் கடிய நாமே எத்துணைத் தொலைவு நடக்க ஒருப்பட்டுள்ளோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.