விம்மல் பிழையன்று

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்திற் சென்று வந்த தோட்டத்து மாணவி ஒருத்தி, தன் பயணக் கட்டுரையில், ‘விமானத்துள் ஓசை விம்மி விம்மித் தணிந்தது’ என்றெழுதினாள். விம்முதல் மாந்தர்க்கே உரியதெனக் கருதி, அதனைச் சிவப்பு மையால் வெட்டி, ‘இயந்திர இரைச்சல் கேட்டது’ எனத் திருத்தினேன். இரண்டு புள்ளியும் குறைத்தேன்.

பின்னர் அதே வழியில் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் ஏற எனக்கும் வாய்த்தது. இருக்கையோ சுழல்விசிறிக்கு நேரே. அங்கே நான் கேட்ட முழக்கத்தின் பெரும்பங்கு இயந்திரத்தினதன்று, விசிறியினது. ஒவ்வொரு விசிறிக்கும் ஆறு இதழ்கள். உயரப் பறக்கையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 980 முறை சுழன்று, நொடிக்கு 98 முறை காற்றை அறைகின்றன. அவ்வறை விமானத்தின் மெல்லிய சுவரை முரசின் தோல்போல் அதிர்விக்கிறது. இரு விசிறிகளும் ஒரே வேகத்திற் சுழன்றால் ஓசை சீராயிருக்கும். நிமிடத்திற்குப் பத்துச் சுற்று வேறுபட்டாலோ, நொடிக்கொரு முறை பெருத்துச் சிறுக்கும். இரண்டையும் ஒத்துச் சுழலச் செய்யும் கருவி உண்டு. ஆயினும் வேகம் மாறும் வேளையில், அவை ஒத்துவருமட்டும் செவி அதனை அறியும். அது விம்மலன்றி வேறென்ன? விம்முதலுக்குப் பெருத்தல் எனும் பொருளுண்டு என்பதைப் பண்டிதன் மறந்தேன்.

1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியே சென்னை சென்ற காலத்தில், என் திருத்தம் ஓரளவு பொருந்தியிருக்கும். அதன் ஒவ்வோர் இயந்திரத்திலும் 14 உருளைகள். அவற்றின் வெடிப்பும் புகைக்குழாயின் உறுமலும் விசிறியோடு போட்டியிட்டன.

உறுமல் வேறு, விம்மல் வேறு. புறத்தே காற்று உரசுவது சீறல். இறக்கை வழியே தரைக்கு இறங்கி உள்ளங்காலிற் படுவது அதிர்வு. பிறப்பிடம் வேறாதலின் தணிக்கும் வழியும் வேறு. சுவரிற் பஞ்சடைத்தாற் சீறல் குறையும். விம்மல் அதற்கு அடங்காது. இத்தனையையும் நம் பாடநூல்களும் வகுப்பறைகளும் ‘இரைச்சல்’ என்னும் ஒரே சாக்கிலிட்டுக் கட்டுகின்றன. அறிவியலுக்குத் தமிழிற் சொல்லில்லை என மேடைதோறும் வருந்தும் நாம் (என்னையுஞ் சேர்த்தே சொல்கிறேன்), மாணவர் கொணரும் சொல்லை வெட்டுவதில் மட்டும் தயங்குவதில்லை.

ஊர் திரும்பியதும் அவள் ஏட்டைக் கேட்டு வாங்கி, வெட்டிய சொல்லை மீட்டு, புள்ளிகளையும் கூட்டினேன். அச்சொல் எங்ஙனம் தோன்றிற்று என வினவினேன்.

“ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற ஃபேன் எல்லாம் ராவுல அப்பிடித்தான் சேர் கேக்கும். எங்க லயம் பக்கத்துலதானே இருக்கு” என்றாள்.