கல்கி எங்க ஊர்க்காரரும்தான்

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு நண்பருக்குச் சொந்த ஊர் கும்பகோணம். 2022ல பொன்னியின் செல்வன் படம் வந்ததுல இருந்து மனுஷனைக் கையில புடிக்க முடியல. "எங்க ஊர் கதைப்பா, எங்க காவேரி, எங்க சோழன்"னு ஒரே அலப்பறை. "உங்க மல்லசமுத்திரத்துல என்னய்யா இருக்கு? குச்சிக்கிழங்கும் ரிக் வண்டியும்தானே?"னு ஒரு நாள் கேட்டே கேட்டுட்டாரு.

குச்சிக்கிழங்கைச் சொன்னதுக்கெல்லாம் எனக்குக் கோவம் வரல. உண்மைதானே. ஆனா, "கதை உங்க ஊருதுங்க, எழுதுன கை பழகுனது எங்க ஊர்ப் பக்கம்"னு சொன்னேன். சிரிச்சாரு. நம்பல. அவரை விடுங்க. போன மாசம் ஊருக்குப் போனப்ப, ரெண்டு பாகத்தையும் மூணு மூணு தடவை பாத்த என் மாமன் பையன்கிட்ட சொன்னேன். அவனும் நம்பல! சரி, எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

கொஞ்சம் வரலாறு. ரா. கிருஷ்ணமூர்த்தி பொறந்தது 1899ல, மாயவரம் பக்கத்துல புத்தமங்கலம். திருச்சியில படிச்சுட்டு இருந்தவர், காந்தி கூப்பிட்டாருன்னு 1921ல பள்ளிப் படிப்பைப் பாதியில விட்டுட்டாரு. அடுத்த வருஷமே ஒரு வருஷ ஜெயில். 1923ல திரு.வி.க.வோட 'நவசக்தி'யில உதவி ஆசிரியர். பின்னாடி விகடன், அதுக்கப்புறம் 1941ல சதாசிவத்தோட சேர்ந்து சொந்தப் பத்திரிகை. இதெல்லாம் நிறைய பேருக்குத் தெரியும்.

நடுவுல ஒரு மூணு வருஷம் இருக்கு பாருங்க, அதைத்தான் எல்லாரும் ஒரே வரியில தாண்டிடறாங்க. 1928ல நவசக்தியை விட்டுட்டு அவர் வந்து சேர்ந்த எடம் திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். ராஜாஜி 1925ல ஆரம்பிச்சது. எங்க ஊர்ல இருந்து மொபெட்லயே போயிட்டு வந்துடலாம். மதுவிலக்குக்குன்னே 'விமோசனம்'னு ஒரு பத்திரிகையை ராஜாஜி 1929ல அங்கிருந்து கொண்டுவந்தாரு. அதுல கூட இருந்து வேலை பாத்தவர்தான் நம்ம கிருஷ்ணமூர்த்தி. 1931ல மறுபடி ஜெயில். அது முடிஞ்சு விகடனுக்குப் போயிட்டாரு.

இப்ப என் கருத்தைச் சொல்லிடறேன். கல்கி கல்கியானது விமோசனத்துலதான்.

அந்த வேலையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வானம் பாத்த பூமி. சாயங்காலம் ஆனா கள்ளுக்கடை. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களே கொஞ்சம் பேரு. ஒருத்தர் படிக்க நாலு பேர் கேக்கணும். அதுவும் சொல்ற விஷயம் 'குடிக்காதே'. உலகத்துலயே யாரும் காசு குடுத்துக் கேக்க விரும்பாத விஷயம்! ரெண்டாவது வரியில சலிப்பு தட்டுச்சுன்னா எந்திரிச்சுப் போயிடுவான், போற எடம் வேற கள்ளுக்கடை. அவனை உக்கார வெக்கணும்னா சிரிக்க வெக்கணும், அடுத்து என்ன ஆச்சுன்னு கேக்க வெக்கணும். நான் செய்யற சாப்ட்வேர்ல கூட, மூணு செகண்ட்ல திரை வரலேன்னா ஆளு மூடிட்டுப் போயிடுவாரு. அந்தப் பயம் எங்களுக்கு இப்பதான். அவருக்கு 1929லயே இருந்திருக்கு.

இலக்கியம் பேசறவங்க கல்கியை 'வெறும் தொடர்கதை எழுத்தாளர்'னு ஒதுக்கறதைப் பாத்திருக்கேன். ஜப்பான்ல எய்ஜி யோஷிகாவான்னு ஒருத்தர். 1892ல பொறந்தவர். வீட்டுக் கஷ்டத்துல 11 வயசுல பள்ளிக்கூடம் நின்னு போச்சு. கப்பல் துறையில வேலை பாத்து, பத்திரிகைக்கு வந்து, 'முசாஷி'ங்கற சரித்திர நாவலை 1935ல இருந்து 1939 வரைக்கும் தினசரிப் பேப்பர்ல தொடரா எழுதுனாரு. இன்னிக்கும் அதைக் கொண்டாடறாங்க. தொடரா வந்துச்சுங்கறதுக்காக மட்டம் ஆயிடுமா என்ன?

எனக்கு இதுல சொந்தக் கதை ஒண்ணு இருக்கு. எங்க அப்புச்சி நல்ல குடிகாரர். பருத்தி வித்த காசு வீடு வந்து சேராது. ரெண்டு ஏக்கரா அப்படியே போச்சு. அம்மாயிக்கு எழுத்து தெரியாது. எங்கம்மா ஒம்பதாவது படிக்கறப்ப நூலகத்துல இருந்து பொன்னியின் செல்வனை ஒவ்வொரு பாகமா எடுத்துட்டு வந்து ராத்திரியில சத்தமாப் படிப்பாங்களாம். அம்மாயி கடலைக்காய் உரிச்சுட்டே கேக்குமாம். நந்தினி வர்ற எடத்துல கை நின்னுடுமாம். அப்புச்சி திண்ணையில போதையில கெடப்பாரு. "அந்த அஞ்சு பாகம் முடியற வரைக்கும் உங்க அம்மாயி அழுது நான் பாக்கலடா"ன்னு அம்மா சொல்லுவாங்க.

குடிக்கறவனைத் திருத்த எங்க மண்ணுல பழகுன கை, கடைசியில குடிக்கறவனோட பொண்டாட்டிக்குத் துணையா வந்து நின்னிருக்கு. வாய்விட்டுப் படிச்சா அந்த நடை அப்படி ஓடுதுன்னா, அது காதால கேக்கறவங்களுக்காக எழுதிப் பழகுனதாலதான்னு நான் நம்பறேன்.

குறையே இல்லாம இல்ல. கதை அவ்வளவு நல்லா இருக்கறதால நந்தினியை நிஜம்னு நம்பறவங்க ஏராளம். ஆதித்த கரிகாலனைக் கொன்னவங்க பேரு உடையார்குடி கல்வெட்டுல இருக்கு. ஆனா நந்தினி, பூங்குழலி எல்லாம் கல்கியோட கற்பனை. அது அவர் தப்பு இல்ல, நாவலை வரலாற்றுப் பாடமாப் படிக்கற நம்ம தப்பு. இன்னொண்ணு, மூணு வருஷம் எங்க புழுதியில நடந்தவர் எங்க காட்டையும் மேட்டையும் வெச்சு ஒரு பெரிய நாவல் எழுதியிருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசாங்கம் மாகாணத்துலயே முதல்ல மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்துலதான். அப்ப நாங்களும் சேலம்தான். விமோசனத்தாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லல. 1971ல தமிழ்நாட்டுல மதுவிலக்கைத் தளர்த்திட்டாங்க. இப்ப டாஸ்மாக் எங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

கல்கி 1954 டிசம்பர் 5ல காலமானாரு. அவர் எழுத்தெல்லாம் 1999ல நாட்டுடைமை ஆயிடுச்சு. யார் வேணா அச்சடிக்கலாம், ஓசியிலயே படிக்கலாம். எங்க பக்கத்து வாத்தியாருங்க யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். பொன்னியின் செல்வன் பத்திப் பேசறப்ப பசங்ககிட்ட புதுப்பாளையத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தஞ்சாவூர்க்காரங்க மட்டும் பெருமைப்பட்டா போதுமா?

டிஸ்கி: கும்பகோணம் நண்பரை பொங்கலுக்கு ஊருக்குக் கூப்பிட்டிருக்கேன். ஆசிரமத்தைக் காட்டிட்டு, குச்சிக்கிழங்கும் அவிச்சுத் தர்றதா ப்ளான் :-)