குசினி மேசையில் ஒரு கணினி

பிரான்காச்சோவில் எங்கட வீட்டுக் குசினி மேசைதான் என்ர அலுவலகம். பின்னேரமானால் அதே கணினி மகளின் வீட்டுப்பாடத்துக்கு. அதற்குப் பிறகு மனைவி ஊரோடு கதைக்க.

போன மாதம் அதில் ஐ3 என்ற லினக்ஸ் விண்டோ மேலாளரைப் போட்டேன். வழக்கமான கணினியில் விண்டோக்கள் மேசையில் கிடக்கும் கடதாசிகள் போல, ஒன்றுக்கு மேல் ஒன்று மிதக்கும். ஐ3 தரைக்கு ஓடு பதிக்கிற மாதிரி. ஒன்று திறந்தால் திரை முழுக்க, இரண்டு திறந்தால் ஆளுக்குப் பாதி. ஒன்றும் ஒன்றை மறைக்காது, மவுஸும் தேவையில்லை. நிரல் எழுதுகிறவனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

புதுசும் இல்லை. 1985இல் வந்த விண்டோஸ் 1.0இல் விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. 1987இல் 2.0 வந்தபோதுதான் ஏறின. அடுத்த வருசம் ஆப்பிள் போட்ட வழக்கில் அந்த ஏறுதலும் ஒரு புகார்!

இப்படி நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, ஒரு சனிக்கிழமை மாமி யாழ்ப்பாணத்தில் இருந்து எடுத்தா. நான் வெளியில். மகள் ஏற்கெனவே மூன்று விண்டோ திறந்து வைத்திருந்ததால் மாமியின் முகம் முத்திரை அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரிசாக்க மூலையில் பொத்தான் தேடினால், ஐ3யில் அப்படி ஒன்றும் கிடையாது. எதையோ அழுத்த, அழைப்பு வேறொரு பணித்திரைக்குப் போய்விட்டது. குரல் மட்டும் கேட்டிருக்கு. மாமி அங்க பயந்துபோனா.

"முழுத்திரைக்கு ஒரு விசைதானே, சுவரில எழுதி ஒட்டியிருக்கிறன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நான் அந்த மேசையில இருக்கிறதே அம்மாவின்ர முகத்தைப் பாக்கத்தான். உங்கட வேகம் எனக்கு எதுக்கு?"

பதில் இல்லை. அன்றிரவே அவவுக்குத் தனிக் கணக்குத் திறந்து, வழக்கமான கேடிஇ திரையைக் கொடுத்தேன். ஐ3 என் கணக்கில் மட்டும். ஒரே கணினியில் ஆளுக்கொரு மேலாளர் வைக்கலாம் என்பது எனக்குத் தெரியாததா? முதல் நாளே செய்திருக்கலாம்.

ஓடு முறையை ருசி பார்க்க விரும்புகிறவர்கள் லினக்ஸுக்குப் போகத் தேவையில்லை. விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையோடு இசட்டை அழுத்துங்கள், திரையைப் பிரிக்கும் கட்டங்கள் வரும். 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவிலும் இது உண்டு.

மகளும் அம்மாவின் கணக்குக்கே மாறிவிட்டாள். வீட்டுப்பாடத்துக்குப் பின்னால் கார்ட்டூனை ஒளிக்க அங்கேதான் இடம் இருக்காம்.