மெல்ல என்பதும் மந்தம் என்பதும்

“பிள்ளை கொஞ்சம் ஸ்லோ.” கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் தம் பிள்ளையின் படிப்பைப்பற்றி உசாவச் செல்லும் பெற்றோர் பலர் கேட்டுத் திரும்பும் தீர்ப்பு இது. மற்றதெல்லாம் தமிழில் உரைக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் மட்டும் ஆங்கிலத்தின் துணையை நாடுகிறார். கடுமை தோன்றாமல் சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். ஆயினும் தாயின் செவியில் அது ‘மந்தபுத்தி’ என்றே விழுகிறது. ஆகவே இச்சொல்லைச் சற்றே விசாரிக்க விழைகிறோம்.

ஆங்கிலத்தில் இஃது எதனையும் ஏற்றுக்கொள்ளும் சொல். பின்தங்கி ஓடும் கடிகாரமும் ‘ஸ்லோ’. நிலையந்தோறும் நின்று செல்லும் புகையிரதமும் ‘ஸ்லோ’. வாங்குவாரற்ற கடையின் வியாபாரமும் ‘ஸ்லோ’. அடுப்பின் சிறு தீயும் ‘ஸ்லோ’. எளிதில் வெகுளாத சான்றோனும் சினத்துக்கு ‘ஸ்லோ’. நாமோ இவற்றுக்கெல்லாம் ஒரே சொல்லை வழங்குவதில்லை. கடிகாரம் பிந்திவிட்டது என்கிறோம். வியாபாரம் மந்தம் என்கிறோம். தைலம் காய்ச்சும் வைத்தியர் தீபாக்கினி என்கிறார். சான்றோனைப் பொறுமையுடையவன் என்கிறோம். வேலையை இழுத்தடிப்பவனிடம் இருப்பது சுணக்கம். ஆய்ந்து அடியெடுத்து வைப்பவனிடம் இருப்பது நிதானம்.

சொற்களின் பிறப்பும் கருதத்தக்கது. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் சோம்பலையும் அறிவு மழுங்கலையுமே குறித்தது. காலம் மிகுதியாகக் கொள்ளுதல் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்ததாகும். சோம்பலைக் குறிக்கும் ‘ஸ்லோத்’ என்னும் சொல்லும் அதன் வழிப் பிறந்ததே. நமது ‘மெல்ல’ என்பதோ மென்மையோடு ஒரே வேரிற் கிளைத்தது. யாழ்ப்பாணத்தார் ‘ஆறுதலாக வாருங்கள்’ என்னும்போது, விரைய வேண்டாம் என்பதோடு மனம் ஆறி வருக என்ற பரிவும் அதில் கலந்திருக்கிறது. தமிழில் வசைச்சொல் இல்லை என்று கூற வரவில்லை. மந்தம் என்பது மாருதத்தோடு சேர்ந்தால் இனிக்கிறது; புத்தியோடு சேர்ந்தால் சுடுகிறது. எதனோடு எதைச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி.

கண்டியில் வாழ்வோர்க்கு இதனை விளக்கத் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1867இல் இந்நகரை எட்டியது. றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே அப்பாதை 45 அடிக்கு ஓர் அடி என உயர்கிறது. அவ்விடத்தில் வண்டி ஊர்ந்து செல்வதைக் கண்டு இயந்திரம் பழுதென்று உரைப்பார் உளரோ? ஏற்றத்தை அறிந்தவர் வேகத்தைப் பழிப்பதில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. சுழற்பந்து வீசுவோரை ஆங்கிலக் கிரிக்கெட் வழக்கு ‘ஸ்லோ’ வீச்சாளர் என்றே வகைப்படுத்தும். கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரன் அவ்வகையினரே. 2010ஆம் ஆண்டில் அவர் தமது டெஸ்ட் வாழ்வை 800 விக்கெட்டுகளோடு நிறைவு செய்தார். அங்கே மெதுவென்பது குறையன்று, அதுவே கலை.

வகுப்பறையில் மட்டும் ஏன் இச்சொல் குறையென்ற ஒரே பொருளிற் குறுகிவிடுகிறது? மலையகத் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகங்களின் கையில், பெரும்பாலும் ஓர் ஆசிரியரோடு, கீழ்வகுப்புகளுடன் முடிவனவாக இருந்தன. 1970களிலேயே அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. பாட்டனும் பாட்டியும் எழுத்தறியாத வீட்டிலிருந்து, மலைச்சரிவில் நடந்து வந்து, நகரத்துப் பிள்ளையோடு ஒரே வாங்கில் அமரும் சிறுவன் மந்தனல்லன், பிந்தித் தொடங்கியவன். பிந்திய கடிகாரத்தை யாரும் எறிந்துவிடுவதில்லை. முள்ளைத் திருப்பி வைக்கிறோம். மற்றொரு பிள்ளைக்குக் கண்பார்வையோ செவிப்புலனோ குறைவாக இருக்கலாம். அதற்கு வேண்டியது மருத்துவரின் பரிசோதனை. இன்னொரு பிள்ளை உண்மையாகவே மெல்லக் கற்பதாக இருக்கலாம். அதற்கு வேண்டியது கூடுதலான காலமும் வேறான பயிற்சியும். மூவரையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டால், மூவர்க்கும் உரிய உதவி கிட்டாமற் போகிறது.

கல்வியியலார் வழங்கும் ‘மெல்லக் கற்போர்’ என்ற தொடர் நன்று. ஆயினும் அதனையும் ஆராயாது எல்லார்மீதும் ஒட்டலாகாது. ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. மாணவர் முன்னேற்ற அறிக்கையில் அவ்வாங்கிலச் சொல்லை எழுதப் புகுமுன், பிள்ளை எப்பாடத்தில் பின்தங்கியது, எதனால் பின்தங்கியது, என்ன செய்தால் முன்னேறும் என்ற மூன்றனையும் தமிழில் எழுதுங்கள். அவ்வறிக்கையைக் கையில் ஏந்தும் பெற்றோர் தலைகுனிந்து வீடு திரும்பமாட்டார்; அடுத்துச் செய்யவேண்டியதை அறிந்து திரும்புவர்.