சோம்பேறி நகரமா சென்னை?

வாக்குப்பதிவு முடிந்த அன்று இரவே வசை தொடங்கிவிடும். படித்தவர்கள் நிறைந்த சென்னை மானத்தை வாங்கிவிட்டது, லீவு விட்டால் வீட்டில் படுத்துத் தூங்குகிறார்கள் என்று ஒவ்வொரு தேர்தலிலும் இதே பாட்டு. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம், மத்திய சென்னையில் 54 சதவீதம்கூட இல்லை, போதாதா வசைபாடுகிறவர்களுக்கு?

எண்கள் பொய்யில்லை. ஆனால் சதவீதம் என்பது வந்தவர்களை வாக்காளர் பட்டியலால் வகுத்து வருவது. வராதவர்களைத் திட்டுகிறவர்கள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்களா? 2025 டிசம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டம் 40 லட்சத்திலிருந்து 26 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மூன்றில் ஒரு பெயருக்கு மேல் போய்விட்டது! வீடு மாறியவர்கள், இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள். (உண்மையான வாக்காளர்களையும் நீக்கிய அநியாயம் அதில் உண்டு, அது தனி வழக்கு.) 2021 சட்டமன்றத் தேர்தலில் இதே மாவட்டத்தில் பதிவானது சுமார் 59 சதவீதம், அதாவது ஏறக்குறைய 24 லட்சம் பேர். ஊரில் இல்லாதவர்களையும் உயிரோடு இல்லாதவர்களையும் கணக்கில் வைத்துக்கொண்டு, இருப்பவர்களைச் சோம்பேறி என்றோம்.

பெயர் ஏன் இப்படிக் குவிகிறது? பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு வீடாக மாறும் வாடகைக்காரர்கள் வாழும் ஊர் இது; வீடு மாறினாலும் பழைய பெயர் பட்டியலில் நிற்கிறது. தேர்தலுக்கு முந்தைய இரவு சொந்த ஊருக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறது அரசு. இங்கும் பெயர் இருக்க, நின்றுகொண்டே விழுப்புரத்துக்கும் திருநெல்வேலிக்கும் போய் வாக்களித்துவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்புகிறவன் சோம்பேறியா? கூவம் கரையில் குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் லாரியில் ஏற்றி அனுப்பிய குடும்பங்களில் பலருக்குப் பெயர் பழைய பூத்திலேயே தங்கிவிட்டது. அன்றைய கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, வீடிருந்த இடத்தைத் தேடிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களைக் கணக்கெடுத்து அப்புறப்படுத்தத் தெரிந்த அதிகாரிகளுக்கு, பெயரை மாற்றிக் கொடுக்கத் தெரியவில்லை.

படித்தவர்கள்தான் வருவதில்லை என்கிறார்கள். வாக்குச்சாவடியில் படிப்பைக் கேட்பதில்லை. இது எப்படித் தெரிந்தது?

வாக்களிக்காதவர்களுக்குக் குறை சொல்ல உரிமையில்லையாம். சொத்து வரி, குடிநீர் வரி கட்டியவருக்கு அந்த உரிமை உண்டு. அவ்வளவுதான்.

கடைசியாக, 2022 மாநகராட்சித் தேர்தலில் பதிவான 43 சதவீதச் சொச்சத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் மக்கள் அலைந்தார்கள். வர வேண்டிய தேர்தல் ஆண்டுக்கணக்கில் வரவேயில்லை. அந்த ஆண்டுகளில் வாக்களிக்கத் தவறியது யார் என்று எந்தத் தொலைக்காட்சியும் விவாதம் நடத்தவில்லை.