பயிர் வாட்டமும் செயற்கைக்கோள் சாட்சியமும்

செயற்கைக்கோள் வழியாகப் பயிரின் நலத்தை மதிப்பிடும் முறை, விவசாயியின் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. இந்தியாவின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல், கோதுமை ஆகியவற்றின் விளைச்சல் மதிப்பீட்டில் 30 சதவீதப் பங்கைத் தொலையுணர்வுத் தகவல்களுக்கு அளிக்கும் ஏற்பாடு 2023ஆம் ஆண்டு காரிப் பருவத்தில் அறிமுகமானது.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. செழித்த இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. வாடும் இலையில் இந்த வேறுபாடு குறைகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைப்பதே தாவரக் குறியீடு. 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் தரவுகளைக் கொண்டு அமெரிக்காவில் இது பயன்பாட்டுக்கு வந்தது. தற்போது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள், 10 மீட்டர் நுணுக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை படங்களைத் தருகின்றன.

ஆனால், பசுமை குறைந்திருப்பதைக் காட்டும் குறியீடு, அதன் காரணத்தைக் காட்டுவதில்லை.

இதற்கு ஆஸ்திரேலியாவிலேயே உதாரணம் உண்டு. தமிழர்கள் கணிசமாக வாழும் சிட்னியின் வென்ட்வேர்த்வில் அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில்தான், அந்நாட்டின் நெற்களஞ்சியமான ரிவரைனா பகுதியும் உள்ளது. 2000-01இல் 16 லட்சம் டன்னைத் தாண்டிய ஆஸ்திரேலிய நெல் விளைச்சல், கடும் வறட்சி நிலவிய 2007-08இல் 20 ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது. பாசன நீர் ஒதுக்கீடு வெட்டப்பட்டதால் பல வயல்கள் தரிசாயின. கிடைத்த சொற்ப நீரையும் பிறருக்கு விற்றுவிட்டு நடவைக் கைவிட்டவர்களும் உண்டு. வானிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெற்று நிலம்தான்.

காவிரி டெல்டாவில் சிக்கல் வேறு. சம்பா பயிர் வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், வடகிழக்குப் பருவமழை மேகங்கள் ஒளிப்படக் கருவிகளை மறைத்துவிடுகின்றன. நீர் தேங்கிய இளம் நாற்று வயலிலும் குறியீடு தாழ்ந்தே காணப்படும். இதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து, மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை நெல் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தியது.

வயலில் பயிரை அறுத்து எடைபோடும் பழைய முறையிலும் குறைகள் உண்டு. சில மாதிரிகளைக் கொண்டே ஒரு கிராமம் முழுவதற்கும் முடிவு செய்யப்படுகிறது. தாமதமும் முறைகேட்டுப் புகார்களும் புதியவை அல்ல. அவ்வகையில் செயற்கைக்கோள் ஒரு பயனுள்ள சாட்சி.

எனினும், சாட்சியே தீர்ப்பாகிவிடக் கூடாது. தன் வயலுக்கு என்ன மதிப்பு கணக்கிடப்பட்டது என்பதை விவசாயி அறியவும், அது தவறு எனக் கருதினால் நேரில் மறு ஆய்வு கோரவும் வழியிருந்தால் மட்டுமே இத்தொழில்நுட்பம் அவருக்குத் துணையாகும்.